பம்பரம் போன்ற அந்தச் சங்கைக் கையில் எடுக்காதீர்கள்



சென்ற கோடை விடுமுறையில் உறவினர் வீட்டு நிக்காஹ்வுக்காகப் பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து ஒரு வேன் பிடித்துக் கீழக்கரை போயிருந்தோம். வலீமா விருந்து முடிந்த மறுநாள் காலை பிள்ளைகள் கடற்கரைக்குப் போக வேண்டும் என்று அடம் பிடித்தார்கள். குருடிமலையைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள். கடலைக் கண்டால் சும்மா இருப்பார்களா? வலைகளை உதறிப் போட்டிருந்த இடத்தில் கிளிஞ்சல் பொறுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஏழாம் வகுப்பு படிக்கும் என் பேரன் ஒரு சங்கை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். அரை விரல் நீளம்தான் இருக்கும். பழுப்பு மஞ்சள் நிறத்தில், சின்னச் சின்ன முக்கோணங்களை அடுக்கி அச்சடித்த துணிபோல அவ்வளவு அழகு. "நன்னா, மில்லுல நூல் சுத்துற கோன் மாதிரியே இருக்கு பாருங்க" என்றான். அதைச் சட்டைப் பையில் போடப் போனான்.

பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்தே விட்டார். "பாய், பேரன் கையில இருக்கறத முதல்ல கீழ போடச் சொல்லுங்க" என்றார். குரலில் இருந்த அவசரத்தைக் கேட்டதும் பையனே பயந்து மணலில் போட்டுவிட்டான். பெரியவர் அதைக் கையால் தொடவில்லை. ஒரு குச்சியால் தகரத் துண்டின் மேல் தள்ளி, கடல் தண்ணீர் இருந்த வாளிக்குள் போட்டார். வெறும் ஓடு என்று நாங்கள் நினைத்த சங்கிலிருந்து, கால் மணி நேரம் கழித்து ஒரு சின்னக் குழாய் மெல்ல வெளியே நீண்டது. பிறகு பாதம் வந்தது. வாளியின் அடியில் அது நகரத் தொடங்கியது.

அந்தப் பெரியவர் முப்பது வருடங்களுக்கு மேல் சங்கு குளித்தவராம். "நாங்க சங்கை எடுப்போம், இதை எடுக்க மாட்டோம். தண்ணிக்குள்ள கண்டா விலகிப் போயிருவோம்" என்றார். அதன்பிறகு வாளியோடு கொண்டுபோய்க் கடலிலேயே விட்டுவிட்டார்.

ஊர் திரும்பும் வழியெல்லாம் பேரன் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தான். எனக்குத் தெரிந்ததையும், அதன்பின் படித்துத் தெரிந்துகொண்டதையும் இந்த மாத இதழில் எழுதுகிறேன். நம் பகுதியிலிருந்து ஏர்வாடி, கீழக்கரை, இராமேசுவரம், தூத்துக்குடி என்று குடும்பத்தோடு போகிறவர்கள் நிறைய பேர். அந்தக் கரைகளின் ஆபத்து பற்றி மலையடிவாரத்தில் இருக்கும் நமக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

அதன் பெயர் கூம்பு நத்தை. கூம்புச் சங்கு என்றும் சொல்வார்கள். உலகக் கடல்களில் எண்ணூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. நம் தமிழகக் கரையோரத்தில் மட்டும் பல பத்து வகைகள் வாழ்கின்றன. இராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை கடலுக்குள் 21 சிறு தீவுகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றைச் சுற்றிப் பவளப் பாறைகள். 1986-ஆம் ஆண்டு அரசு அதை மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. அந்தப் பவளப் பாறை இடுக்குகளும், அதை ஒட்டிய மணல் திட்டுகளும்தான் இந்த நத்தைக்குப் பிடித்த வீடு. பகலெல்லாம் மணலில் புதைந்து கிடக்கும். இரவில் இரை தேடும். இழுவை வலையில் மாட்டினால் மீனோடு மீனாகக் கரைக்கு வந்துவிடும். என் பேரன் கைக்கு வந்தது அப்படித்தான் இருக்க வேண்டும்.

பேரனின் முதல் கேள்வி: "நத்தைக்கு ஏது பல்லு? அது எப்படிக் கடிக்கும்?"

நியாயமான கேள்விதான். மழைக்காலத்தில் நம் வாழைத் தோட்டங்களில் ஊரும் நத்தைக்கும் பல் உண்டு. நாக்கு போன்ற ஒரு நாடாவில் ஆயிரக்கணக்கான நுண்ணிய பற்கள், அரம்போல. அதை வைத்து இலையைச் சுரண்டித் தின்கிறது. கூம்பு நத்தைக்கு அந்த அரம் இல்லை. அதன் ஒவ்வொரு பல்லும் தனித்தனியான ஓர் ஊசி. உள்ளே துளையுள்ள ஊசி, நுனியில் தூண்டில் முள்போலக் கொக்கி. இந்த ஊசிகளை அம்பறாத்தூணியில் அம்பு வைப்பதுபோல ஒரு பைக்குள் சேர்த்து வைத்திருக்கும். இரை அருகில் வந்ததும் ஓர் ஊசியை எடுத்துத் தன் நீண்ட தும்பிக்கை போன்ற உறுப்பின் நுனியில் பொருத்திக்கொள்ளும். உடம்புக்குள் சுருண்டு கிடக்கும் நீளமான விஷக் குழாயிலிருந்து விஷம் அந்த ஊசித் துளை வழியாகப் பாயும். கண் இமைப்பதற்குள் குத்து முடிந்துவிடும். ஓர் ஊசியை ஒரு முறைதான் பயன்படுத்தும். அடுத்த குத்துக்கு அடுத்த ஊசி.

இவ்வளவு ஏற்பாடு ஏன்? நத்தை மெதுவாக நகரும் பிராணி. மீனைத் துரத்திப் பிடிக்க அதனால் ஆகாது. குத்திய மீன் பத்தடி தூரம் ஓடிவிட்டாலும் போயிற்று, வேறு யாராவது தின்றுவிடுவார்கள். ஆகவே குத்திய இடத்திலேயே இரை விழ வேண்டும். அதற்கேற்ற வேகமான விஷத்தை அல்லாஹ் அதற்குக் கொடுத்திருக்கிறான். எல்லாக் கூம்பு நத்தைகளும் மீன் தின்பவை அல்ல. பெரும்பாலானவை கடல் புழுக்களைத் தின்பவை. சில வகைகள் மற்ற நத்தைகளைத் தின்னும். மீன் தின்னும் வகைகள்தான் மனிதனுக்கு மிகவும் ஆபத்தானவை, ஏனென்றால் முதுகெலும்புள்ள பிராணியின் நரம்பைத் தாக்கும்படியான விஷம் அவற்றிடம் உள்ளது. நத்தை தின்னும் வகைகளும் லேசுப்பட்டவை அல்ல. முக்கோண அச்சுப் போட்ட துணிபோல இருக்கும் நத்தை அந்த இனம். அறிவியல் பெயரிலேயே அதற்குத் 'துணி' என்ற பொருள் வரும்படிதான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்த இனத்திலேயே மிகக் கொடியது வரைபடக் கூம்பு. அதன் ஓட்டின் மேல் உலக வரைபடம்போலத் திட்டுத் திட்டாக நிறம் இருக்கும். நம் லட்சத்தீவு, அந்தமான் பவளப் பாறைகளிலும் அது உண்டு. அது வேட்டையாடும் முறையைக் கேட்டால் வியப்பாக இருக்கும். வாயைப் புனல்போல அகலமாக விரித்துச் சிறு மீன்களை அப்படியே உள்ளே வாங்கும். மீன்கள் ஏன் தப்பி ஓடவில்லை என்று அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தேடினார்கள். 2015-இல் விடையை வெளியிட்டார்கள். அந்த நத்தை தண்ணீரில் இன்சுலினைக் கலக்கிறது. ஆம், நம் வீடுகளில் சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கொள்கிறார்களே, அதே இன்சுலின்தான், மீனுக்குப் பொருந்தும் வகை. மீனின் இரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்குகிறது. தாழ் சர்க்கரையில் மனிதன் தடுமாறுவதுபோல மீன் தடுமாறி நிற்கிறது. நத்தை நிதானமாக விழுங்குகிறது.

இனி மனிதர்கள் விஷயத்துக்கு வருவோம். இந்த நத்தை குத்தி மனிதர் இறந்ததாக எழுத்தில் கிடைக்கும் முதல் செய்தி ஜாதிக்காய் விளையும் பண்டா தீவுகளிலிருந்து வருகிறது. இன்றைய இந்தோனேசியாவில் இருக்கிறது அந்த இடம். டச்சுக் கம்பெனியில் வேலை பார்த்த ரும்பியஸ் என்பவர் அதை எழுதி வைத்தார். அவர் இறந்தபின் 1705-இல் அந்த நூல் அச்சானது. கரைவலை இழுத்துக்கொண்டிருந்த ஓர் அடிமைப் பெண் கடலில் கிடந்த சங்கை எடுத்துக் கையில் வைத்திருந்தாள். கரைக்கு நடக்கும்போது கையில் லேசான அரிப்பு. அது கை வழியாக ஏறி உடம்பெல்லாம் பரவியது. இறந்துபோனாள். அவ்வளவுதான் செய்தி. அந்தப் பெண்ணின் பெயர்கூட இல்லை.

இரண்டாவது சம்பவத்தை மருத்துவர்கள் நிமிடக் கணக்காக எழுதியிருக்கிறார்கள். 1935-ஆம் ஆண்டு, ஆஸ்திரேலியாவின் ஹேமன் தீவு. திடகாத்திரமான ஓர் இளைஞர் வரைபடக் கூம்பு ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அதன் மேல்தோலைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் ஒரு சிறு புள்ளி, லேசான மரமரப்பு. பத்தாவது நிமிடம் உதடுகள் விறைத்தன. இருபதாவது நிமிடம் பார்வை மங்கி எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிந்தது. முப்பதாவது நிமிடம் கால்கள் விழுந்துவிட்டன. ஒரு மணி நேரத்தில் நினைவு தப்பியது. ஐந்து மணி நேரத்தில் உயிர் போனது. இத்தனைக்கும் நடுவில் எந்த நேரத்திலும் வலி இருக்கவில்லை என்று அந்தக் குறிப்பு சொல்கிறது.

நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு வரிக்காகத்தான். தேள் கொட்டினால் பிள்ளை கத்தும், நாம் ஓடுவோம். வலிக்கவில்லை என்றால் பிள்ளை சொல்லாது. சொன்னாலும் "ஒண்ணுமில்ல, கிளிஞ்சல் கீறிருச்சு" என்று விட்டுவிடுவோம். நம் பக்கத்துத் தோட்டங்களில் கட்டுவிரியன் கடித்தவர்களின் கதை நமக்குத் தெரியும். இரவில் தூக்கத்தில் கடிக்கும், வலியே இருக்காது, காலையில் கண் இமை திறக்க முடியாமல் கிடப்பார்கள். கூம்பு நத்தையின் விஷமும் அதே மாதிரிதான் வேலை செய்கிறது. நரம்பு தசைக்குக் கட்டளை கொடுக்கும் சந்திப்பை அடைத்துவிடுகிறது. இமை தொங்கும், பேச்சுக் குழறும், எச்சில் விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு விடும் தசைகளும் நின்றுவிடும்.

எல்லாக் குத்தும் வலியற்றது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சில வகைகள் குத்தினால் குளவி கொட்டியதுபோலச் சுரீரென்று வலித்து வீங்கும். பெரும்பாலான குத்துகள் அந்த வீக்கத்தோடு ஆறிவிடுகின்றன. இதுவரை உலகில் பதிவான இறப்புகள் முப்பதுக்குச் சற்று மேல்தான், அவற்றில் பெரும்பகுதி வரைபடக் கூம்பால் ஏற்பட்டவை. ஆண்டுதோறும் நம் நாட்டில் பாம்புக்கடியால் போகும் உயிர்களோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆகவே கடலைக் கண்டே பயப்பட வேண்டியதில்லை. ஆனால் எந்தச் சங்கு எந்த வகை என்று நமக்கு அடையாளம் தெரியாது. குத்திய பிறகு வகை பார்த்துக்கொண்டிருக்க நேரமும் இருக்காது.

பாம்புக்கடிக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பாம்புக்கு விஷமுறிவு ஊசி இருக்கிறது. கூம்பு நத்தை விஷத்துக்கு உலகில் எங்குமே முறிவு மருந்து இல்லை. அப்படியானால் மருத்துவமனை எதற்கு என்று கேட்கலாம். மூச்சுக்காக. இந்த விஷம் உடம்பில் நிரந்தரமாகத் தங்குவதில்லை. மூச்சுத் தசைகள் செயலிழந்திருக்கும் அந்த நேரத்தை மட்டும் செயற்கைச் சுவாசத்தில் கடத்திவிட்டால், விஷத்தின் பிடி விலகி ஆள் எழுந்துவிடுவார்.

எனவே குத்துப்பட்டால் முதல் வேலை, பட்டவரை நடக்கவிடாமல் உட்கார வைப்பது, இல்லையென்றால் படுக்க வைப்பது. தசை அசைய அசைய விஷம் மேலே ஏறும். ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும். மற்றவர், கை என்றால் விரலிலிருந்து தொடங்கித் தோள்வரை, அகலமான கிரேப் பேண்டேஜையோ கிழித்த துப்பட்டாவையோ, சுளுக்குக்குக் கட்டுவதுபோல இறுக்கமாகச் சுற்ற வேண்டும். இரத்த ஓட்டமே நிற்கும் அளவுக்குக் கயிறு போட்டு இறுக்கக் கூடாது. கட்டிய கையோடு ஒரு கட்டையையோ சுருட்டிய நாளிதழையோ சேர்த்துக் கட்டி அசையாமல் வைக்க வேண்டும். கீறிவிடுவது, வாய் வைத்து உறிஞ்சுவது, பச்சிலை அரைத்துப் பூசுவது எதுவும் வேண்டாம். சாப்பிடவும் குடிக்கவும் கொடுக்கக் கூடாது, விழுங்க முடியாமல் புரை ஏறும். கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் என்றால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு போகலாம். வேறு ஊர் என்றால் "வென்டிலேட்டர் இருக்கிறதா" என்று கேட்டுவிட்டே வண்டியைத் திருப்புங்கள். குத்தி அரை மணி நேரம் ஆகியும் ஒன்றும் தெரியவில்லை என்று பாதி வழியில் திரும்பிவிடாதீர்கள்.

வழியில் மூச்சு நின்றுவிட்டால் வாயோடு வாய் வைத்து ஊதி மூச்சுக் கொடுக்க வேண்டும், மருத்துவமனை வரும்வரை விடாமல். இதில் ஒன்றை எல்லோரும் நினைவில் வைக்க வேண்டும். தசைகள் மொத்தமும் செயலிழந்தவர் கண் திறக்க மாட்டார், கூப்பிட்டால் அசைய மாட்டார். பார்ப்பவர்களுக்கு மய்யித்தாகத் தோன்றும். உள்ளே அவருக்கு நினைவு இருக்கக்கூடும், நாம் பேசுவது காதில் விழக்கூடும். மருத்துவர் சொல்லும்வரை யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது.

இவ்வளவுக்கும் போகாமல் தடுப்பது மிகவும் எளிது. பம்பரம்போல அல்லது நூல் கோன்போல ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் கூர்ந்து, பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரே நீண்ட ஒடுங்கிய பிளவாக வாய் இருக்கும் சங்கைத் தொட வேண்டாம். உள்ளே நத்தை சுருங்கிக்கொண்டால் வெறும் ஓடு மாதிரியே தெரியும், நானே ஏமாந்தேன். "அகன்ற பக்கத்தைப் பிடித்தால் ஒன்றும் ஆகாது" என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. அதன் தும்பிக்கை ஓட்டின் எந்தப் பக்கத்தையும் எட்டும் அளவுக்கு நீளக்கூடியது. சட்டைப் பை, கைக்குட்டை, சாதாரணக் கையுறை எல்லாவற்றையும் அந்த ஊசி தாண்டிவிடும். சட்டைப் பை என்றால் குத்து விழும் இடம் நெஞ்சு. நெஞ்சில் எப்படிக் கட்டுப் போடுவது? அன்று அந்தப் பெரியவர் எழுந்திருக்காவிட்டால் என்று நினைக்கும்போது இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

இதே விஷத்திலிருந்துதான் ஒரு மருந்து வந்தது. அந்தக் கதையைச் சொல்லாமல் விட மனமில்லை.

பிலிப்பைன்ஸ் நாட்டைச் சேர்ந்த பால்டோமெரோ ஒலிவெரா என்ற விஞ்ஞானி அமெரிக்காவில் படித்துவிட்டு 1970 வாக்கில் சொந்த நாட்டுக்குத் திரும்பினார். அங்கே ஆய்வகத்தில் போதிய கருவிகள் இல்லை. வசதியில்லையே என்று உட்கார்ந்துவிடாமல், செலவில்லாமல் தன் ஊரிலேயே கிடைக்கும் பொருள் எது என்று யோசித்தார். சின்ன வயதில் சங்கு சேகரித்த பழக்கம் அவருக்கு. மீனவர்களிடம் கூம்பு நத்தைகளை வாங்கி விஷத்தைப் பிரிக்க ஆரம்பித்தார். பின்னர் யூட்டா பல்கலைக்கழகத்துக்குப் போனபோதும் அந்த வேலையை விடவில்லை.

அங்கே கிரெய்க் கிளார்க் என்ற மாணவர் ஒரு யோசனை சொன்னார். விஷத்தைத் தனித்தனிப் பொருளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் எலியின் மூளைக்குள் செலுத்திப் பார்த்தால் என்ன? பார்த்தார்கள். ஒன்றைச் செலுத்தினால் எலி தூங்கியது. இன்னொன்றுக்கு நடுங்கியது. தூங்க வைத்த அதே பொருள் குட்டி எலியைத் தூங்க வைத்தது, வளர்ந்த எலியை ஓட வைத்தது. ஒரே நத்தையின் விஷத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட தனித்தனிப் பொருட்கள் இருப்பதும், ஒவ்வொன்றும் நரம்பின் ஒரு குறிப்பிட்ட பூட்டுக்கான சாவியாக இருப்பதும் அப்போதுதான் புரிந்தது. பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த மைக்கேல் மெக்கின்டாஷ் என்ற இளைஞர், மந்திரவாதிக் கூம்பு என்ற வகையின் விஷத்திலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். 25 அமினோ அமிலங்கள் கோத்த சிறிய மணிமாலை அது.

வலி என்பது உடம்பிலிருந்து நரம்பு வழியாகத் தண்டுவடத்துக்கு வந்து, அங்கிருந்து மூளைக்கு ஏறும் செய்தி. தண்டுவடத்தில் ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் செய்தியைக் கைமாற்ற வேண்டுமானால், கால்சியம் உள்ளே நுழையும் ஒரு வாசல் திறக்க வேண்டும். மந்திரவாதிக் கூம்பின் அந்தப் பொருள் சரியாக அந்த வாசலை மூடுகிறது. செய்தி போகாது, வலி தெரியாது. அதை ஆய்வகத்தில் செயற்கையாகச் செய்து சிகோனோடைடு என்று பெயரிட்டார்கள். பிரியால்ட் என்பது விற்பனைப் பெயர். 2004 டிசம்பரில் அமெரிக்க அரசின் மருந்துத் துறை அனுமதி கொடுத்தது. மார்பினுக்குக்கூட அடங்காத கடும் வலி உள்ளவர்களுக்கான மருந்து இது. மார்பின்போல நாளாக நாளாக அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியதில்லை, அடிமைப்படுத்துவதும் இல்லை.

ஆனால் கேள்விப்பட்டதும் மருந்துக் கடையில் போய்க் கேட்கும் பொருள் இதுவல்ல. மாத்திரையாக விழுங்கினாலோ, நரம்பில் ஊசியாகப் போட்டாலோ பயன் தராது. தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீருக்குள் சிறிய பம்பு வைத்துத் துளித்துளியாகச் செலுத்த வேண்டும். தலைச்சுற்றல், மனக் குழப்பம், சிலருக்கு இல்லாதது தெரிவது என்று பக்கவிளைவுகளும் கடுமை. மனநோய் இருந்தவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. "நத்தை விஷம் புற்றுநோயைக் குணமாக்கும்" என்று கைப்பேசியில் வரும் செய்திகளை நம்பிவிடாதீர்கள். வலியைத் தணிப்பது வேறு, நோயைத் தீர்ப்பது வேறு.

இந்த இடத்தில் மனதில் பட்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் புற்றுநோய் முற்றிய பெரியவர்களை "ஸபூராக இருங்க" என்று சொல்லிச் சொல்லியே வலியில் விட்டுவிடுகிறோம். மார்பின் என்றால் போதைப் பொருள் என்ற பயம் வேறு. மருத்துவர் எழுதிக் கொடுத்து, அவர் சொன்ன அளவில் எடுப்பது சிகிச்சை. இந்த மருந்து நோயாளிகளுக்குச் சிரமமில்லாமல் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே 2014-இல் நாடாளுமன்றத்தில் போதைப் பொருள் சட்டத்தைத் திருத்தினார்கள். வலி தணிப்புச் சிகிச்சைப் பிரிவு எங்கே இருக்கிறது என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

நம் நாட்டிலும் இந்த நத்தைகளை ஆராய்ந்திருக்கிறார்கள். மும்பை டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் கே.எஸ். கிருஷ்ணனும், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பி. பலராமும் தம் குழுவினரோடு சேர்ந்து நம் தென்கிழக்குக் கடற்கரையின் கூம்பு நத்தைகளில் வேலை செய்தார்கள். அமாடிஸ் கூம்பு என்ற வகையிலிருந்து நரம்பின் சோடிய வாசலைப் பாதிக்கும் ஒரு பொருளைப் பிரித்து 2003-இல் வெளியிட்டார்கள். அதன் பெயர் ஏஎம்2766. அமாடிஸின் முதல் எழுத்துகளும், மூலக்கூறின் எடையும் சேர்ந்த பெயர். பிளஸ் டூவில் உயிரியல் எடுத்திருக்கும் நம் பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், டாக்டர் ஆனால்தான் படிப்பு என்று நினைக்கிறார்கள். நீட் மதிப்பெண் போதவில்லை என்று அழுகிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

பிறகு சட்டம். மன்னார் வளைகுடாப் பூங்காத் தீவுகளிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. பவளம், கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவற்றோடு சில சங்கு வகைகளையும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் கொண்டு வந்தார்கள். 'இந்தியாவின் பெருமை' என்று சேகரிப்பவர்கள் அழைக்கும் ஓர் அரிய கூம்புச் சங்கும் அந்தப் பட்டியலில் உண்டு. கடைகளில் பளபளப்பாக விற்கும் கூம்புச் சங்குகள் கரையில் தானாக ஒதுங்கியவை அல்ல. ஒதுங்கியவை அலையில் தேய்ந்து வெளுத்திருக்கும். பளபளப்பு இருந்தால் உயிரோடு பிடித்ததுதான். வாங்குவதும் விடுவதும் உங்கள் விருப்பம். நான் வாங்குவதில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு என் வீட்டில் பேரனின் நன்னிமா அலமாரியைத் திறந்து, என் அத்தா காலத்தில் இராமேசுவரத்திலிருந்து வந்த பழைய கூம்புச் சங்கை எடுத்து முற்றத்தில் வைத்துவிட்டார். இனி வீட்டுக்குள் வேண்டாமாம். பேரன்தான் அதை எடுத்துக் கழுவி, வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தான். விஷக் குழாயும் ஊசியும் நத்தையின் சதையில்தான் இருக்கும், ஓட்டில் எதுவும் இருக்காது என்று அவருக்கு விளக்கிச் சொன்னான். சங்கு திரும்பவும் அலமாரிக்குப் போய்விட்டது, மேல் தட்டுக்கு.